துண்டுக்குள் ஐந்து விரல்

தைரியத்துக்குப் போடிநாயக்கனூரில் விலை மூன்று ரூபாய். சோபாவில் சாய்ந்துகொண்டு தைரியமாக இருக்க ஆசைப்பட்டால் ஐந்து ரூபாய்.

ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கி மூன்று நாளாக இதைத்தான் தெருத்தெருவாகக் கூவிக்கொண்டிருந்தது.

"வங்காளத்து மந்திரவாதி நடத்தும் சுடுகாட்டுச் சம்பந்தம்! திரையில் அல்ல, நேரில்! உயிருள்ள பேய்கள் உங்கள் பக்கத்திலேயே! இருதய பலவீனம் உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் டிக்கெட் வாங்க வேண்டாம். கதவைச் சாத்திய பிறகு நடப்பதற்கு நிர்வாகம் பொறுப்பல்ல!"

ஏலக்காய்த் தரகர் உக்கிரபாண்டியின் மேசைமேல் மூன்று ரூபாய் டிக்கெட் இரண்டு கிடந்தன. கொண்டுவந்து போட்டவர் எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். சிலமலை மொக்கச்சாமி. கீழே தென்னந்தோப்பு, மேலே மலையில் ஏலக்காய்க் காடு, நடுவில் ஒரு பெரிய மீசை என்று வாழ்கிற மனிதர்.

"ஞாயித்துக்கெழம மத்தியான ஆட்டம், பாண்டி. நீயும் நானும் போறோம்."

"எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்? தலைக்கு மேல சோலி கெடக்கு."

"இதுதான்டா சோலி." மொக்கச்சாமி மீசையில் இருந்த மோரைத் துடைத்தார். "போன வருசம் என் சரக்க எடுத்தானே ஒரு தரகன், அவன் பணப்பையோட மலையேறி வந்தான். பொழுது சாயுற நேரம். மரத்துல எவனோ காயப்போட்ட வேட்டியப் பாத்துட்டுப் பையப் போட்டுட்டு ஓடிட்டான். பை கொரங்கு கையில. நோட்டப் பூராம் நான் மரம் மரமா ஏறிப் பொறுக்குனேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். கடைசி மணி அடிக்கிற வரைக்கும் சீட்ட விட்டு எந்திரிக்காத தரகனுக்குத்தான் இந்த வருசம் என் நாலு மூட்டை."

"அண்ணனுக்குப் பேய்னா...?"

"காட்டுல ஒத்தையில படுத்து எந்திரிக்கிறவன்டா நானு. யானையக் கைதட்டி வெரட்டுனவன். என்கிட்டப் போய்க் கேக்குற."

நாலு மூட்டை என்பது சும்மா நாலு மூட்டையல்ல. மொக்கச்சாமி எந்தத் தரகரிடம் போகிறாரோ, அந்த வரிசைக் காட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே போவார்கள். அந்தச் சரக்கையெல்லாம் மலையிலிருந்து இறக்க உக்கிரபாண்டி ஒரு பழைய ஜீப் பார்த்து வைத்திருந்தார். விலை பத்தாயிரம். பணம் தயார். புதன்கிழமை போய் வண்டியை எடுக்க வேண்டியதுதான். ஜீப்பை வாங்கிவிட்டுச் சரக்கு கிடைக்கவில்லையென்றால், அதில் தினமும் பெண்டாட்டியைத்தான் ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டும்.

இதில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். உக்கிரபாண்டிக்குப் பேய் என்றால் பயம். சாதாரணப் பயமல்ல. இருட்டிய பிறகு கொல்லைக்குப் போவதென்றால், "அன்னம், நீ தனியாப் போகாத, பாம்பு கெடக்கும், நான் தொணைக்கு வர்றேன்" என்று பெண்டாட்டியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிற பயம். அன்னக்கொடியும் பதினாறு வருசமாக, தேவையே இல்லாமல், அவர் துணையோடு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உக்கிரபாண்டி தொண்டையைச் செருமினார்.

"வர்றதுல ஒண்ணுமில்லண்ணே. ஆனா எனக்குத் தூரத்துப் பார்வை மங்கலு. மூணு ரூவா சீட்டு ரொம்பப் பின்னாடி. பேயி வந்ததா போச்சான்னே தெரியாது. காசு தண்டம்."

"அட, மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

மொக்கச்சாமி அந்த டிக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஐந்து ரூபாய் டிக்கெட் இரண்டு.

"சோபா. மொத வரிசை. பேயி தும்முனா உன் மூஞ்சியில தெறிக்கும். இப்பச் சந்தோசமா?"

அவர் போனதும் உக்கிரபாண்டி எடைபோடும் திருப்பதியைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, என் சேக்காளி ஒருத்தன் அந்தப் பேய் ஆட்டத்துக்குப் போறானாம். அவனுக்குக் கொஞ்சம் படபடப்பு. என்ன பண்ணலாம்?"

"உங்க சேக்காளியக் கண்ண மூடிக்கிறச் சொல்லுங்க, மொதலாளி."

"பக்கத்துல இருக்கிற ஆளு பாத்துருவான்ல?"

"அப்பக் கூலிங் கிளாசு போட்டுக்கிறச் சொல்லுங்க. உள்ள கண்ணு தெறந்திருக்கா மூடியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்?"

"சத்தம் கேக்குமே?"

"காதுல பஞ்சு. அப்பறம் கொட்டகையே இடிஞ்சு விழுந்தாலும் மொதலா... உங்க சேக்காளிக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உக்கிரபாண்டி சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடியும் இரண்டு காதிலும் பஞ்சுமாகக் கிளம்பியபோது அன்னக்கொடி வாசல்வரை வந்தாள்.

"பயமா இருக்காங்க?"

பஞ்சு இருந்தாலும் இந்தக் கேள்வி மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"எனக்கா? நீ வீட்டுல ஒத்தையில பயந்துக்கிருவியேன்னுதான் பாக்குறேன்."

"பகல் ரெண்டு மணிக்கா? போயிட்டு வாங்க. ஜீப்பு வந்தா மொதல்ல ராசிங்காபுரம் எங்கக்கா வீட்டுக்கு ஓட்டணும், ஞாபகம் இருக்கட்டும்."

கொட்டகை நிரம்பி வழிந்தது. ஓட்டை உடைசலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்துப் பகலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மேடையில் இரண்டு சவப்பெட்டி, ஒரு வாழைமரம், ஒரு மணவறை. சாம்பிராணிப் புகை சினிமாக்கொட்டகையின் மூட்டைப்பூச்சிகளுக்கே மூச்சுத் திணறும் அளவுக்கு இருந்தது.

உக்கிரபாண்டி சோபாவில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். மேடைக்கு வந்த மந்திரவாதியின் கண் நேரே அதன்மேல் விழுந்தது.

"ஆகா! கொட்டகைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி! இந்த இருட்டு எனக்குப் போதாது என்கிறார் இந்த ஐயா! ஐயா அவர்களே, எங்கள் பேய்கள் உங்களைத்தான் முதலில் விசாரிக்கும். சம்மதமா?"

உக்கிரபாண்டிக்குப் பஞ்சைத் தாண்டி ஒரு வார்த்தையும் ஏறவில்லை. எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பது மட்டும் தெரிந்தது. மரியாதைக்கு எழுந்து நின்று, ஒரு பெரிய கும்பிடாகப் போட்டார்.

கொட்டகை அதிரக் கைதட்டியது.

மொக்கச்சாமி அவர் காதுக்குள் வாயை வைத்தார். "பேயவே கும்பிட்டுக் கூப்பிடுறியேடா! நெஞ்சாங்கூட்டுல என்னடா வச்சிருக்க?"

"எதக் கூப்பிட்டேன்?"

"பேய!"

உக்கிரபாண்டி கண்ணாடியை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டார். மனதை வேறு எதிலாவது கட்டிப் போட்டால்தான் உண்டு என்று தோன்றியது. தரகர் மனதைக் கட்டிப்போட உலகத்தில் ஒரே கயிறுதான் இருக்கிறது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, தனக்கும் மொக்கச்சாமிக்கும் நடுவே சோபாக் கையின்மேல் விரித்தார்.

"அண்ணே, சும்மா எதுக்கு உக்காந்திருக்கணும்? வெலயப் பேசிருவோம்."

"இங்கயா?"

"பேயி பாட்டுக்குப் பேயி. யாவாரம் பாட்டுக்கு யாவாரம்."

மொக்கச்சாமிக்குப் புல்லரித்துவிட்டது. கையைத் துண்டுக்குள் விட்டார்.

போடியில் பெரிய மனிதர்கள் வாயால் விலை பேசமாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ரூபாய். ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து ரூபாய் ஏற்றம். கையை உருவிக்கொண்டால் பேச்சு முறிந்தது. உள்ளங்கையில் தட்டினால் வியாபாரம் முடிந்தது. தட்டிய பிறகு மறுக்கிறவனுக்கு அப்புறம் ஆயுசுக்கும் அந்த ஊரில் யாரும் துண்டு விரிக்க மாட்டார்கள்.

உக்கிரபாண்டிக்குச் சரக்கு எடுக்கச் சொல்லியிருந்த மதுரை வியாபாரி கிலோவுக்கு நூற்றுப் பத்து ரூபாய்க்கு மேல் ஒரு பைசா தரமாட்டார். மேலே போனால் தரகரின் சொந்தப் பணம். மொக்கச்சாமி நூற்றுப் பதினைந்தில் நின்றார். உக்கிரபாண்டி நூற்றைந்தில் தொடங்கி, மோதிரம் குத்தும் அந்தத் தடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, நூற்றுப் பத்துக்கு வந்து நிறுத்தினார். மனசுக்கு இதமாக இருந்தது. பேயாவது மண்ணாவது.

அப்போது விளக்கெல்லாம் அணைந்தது.

உக்கிரபாண்டி கண்ணாடிக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதனால் சவப்பெட்டி திறந்ததை அவர் பார்க்கவில்லை. தலையில்லாத மணப்பெண் தாலிக்குக் கழுத்தை நீட்டியதையும் பார்க்கவில்லை. பளபளக்கும் எலும்போடு மாப்பிள்ளைப் பேய் மேடையிலிருந்து முதல் வரிசைக்குக் குதித்ததையும் பார்க்கவில்லை. ஜனங்கள் போட்ட கூச்சல், பஞ்சுக்கு அந்தப் பக்கம், எங்கோ பத்து மைல் தள்ளி நடக்கிற திருவிழாபோலக் கேட்டது. சோபா ஒருமுறை குலுங்கியது. அவ்வளவுதான்.

ஆனால் துண்டுக்குள் இருந்த மொக்கச்சாமியின் கையைக் காணோம்.

நூற்றுப் பத்து பிடிக்காமல் கையை உருவிவிட்டார்! பேச்சு முறிந்தது! உக்கிரபாண்டி பதறிப்போய் இருட்டில் துழாவினார். காற்று. சோபாப் பஞ்சு. மறுபடி காற்று. நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் கை அகப்பட்டது. சில்லென்று வேர்த்திருந்தது. பேரம் முற்றினால் எல்லாக் கையும் வேர்க்கும். அவர் பார்க்காத கையா? இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் பின்கழுத்தில் யாரோ ஈரமான தலைமுடியால் வருடினார்கள்.

உக்கிரபாண்டியின் ஐந்து விரலும் அந்தக் கையை நெருக்கி அமுக்கின.

அமுக்கிய பிறகுதான் அர்த்தம் உறைத்தது. நூற்றுப் பதினைந்து! மூட்டைக்கு ஐம்பது கிலோ, நாலு மூட்டைக்கு ஆயிரம் ரூபாய். ஜீப்பில் பின் சக்கரம் இரண்டும் கழன்று உருண்டு போயின.

விடலாம் என்று பிடியைத் தளர்த்தினார். மேலேயிருந்து முகத்தில் சிலீரென்று எதுவோ தெளித்தது. தண்ணீரா ரத்தமா என்று நாக்கை நீட்டிப் பார்க்கிற தைரியம் அவருக்கு இல்லை. மறுபடி ஓர் அமுக்கு. முன் சக்கரமும் போயிற்று.

காலடியில் ஏதோ ஊர்ந்தது. மேல்கூடாரமும் பின்சீட்டும் போயின.

இதை எப்படியாவது நிறுத்த வேண்டும். 'அது விலையில்லை அண்ணே, வேறு' என்று சொல்லத் துண்டுக்குள் ஒரு விரல் இருக்கிறதா என்று யோசித்தார். இல்லை. போடி வியாபாரிகள் நூறு வருசமாக எல்லாவற்றுக்கும் விரல் வைத்திருக்கிறார்கள், பயத்துக்கு வைக்கவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று அர்த்தப்படுகிற மாதிரி அந்தக் கையை மொத்தமாகப் பிடித்து உதறினார். மொத்தமாகப் பிடித்தாலே ஐந்து. கியர்பாக்ஸ் போயிற்று.

எதிர்க்கை சும்மா இருக்கவில்லை. உருவப் பார்த்தது. ஐயையோ, பேச்சு முறியப் போகிறதே என்று உக்கிரபாண்டி தாவிப் பிடித்தார். எலும்பு நெறிகிற சத்தம் பஞ்சைத் தாண்டிக் கேட்டது. கதவும் விளக்கும் போயின.

நூற்று முப்பத்தைந்து.

ஒரு நொடி அந்தக் கை அசையாமல் கிடந்தது. என்னவோ யோசித்தது போல. பிறகு நிதானமாக, பழகிய வியாபாரியின் நிதானத்தோடு, அவர் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டியது.

முடிந்தது.

மணி அடித்து விளக்கு வந்தபோது உக்கிரபாண்டி மெதுவாக ஒரு கண்ணைத் திறந்தார். பக்கத்துச் சீட் காலி. நல்ல விலைக்கு முடித்த எவனும் வாங்கினவன் மனசு மாறுகிறவரை உட்கார்ந்திருக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அவரே எத்தனை முறை அப்படி எழுந்து போயிருக்கிறார்! முதல் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று நாலு பேர் வந்து கைகுலுக்கினார்கள். அந்தக் கைகளை அவர் ஜாக்கிரதையாக, ஒற்றை விரலால் தொட்டு விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அன்னக்கொடி துண்டை வாங்கி உதறினாள். வெள்ளையாகப் பறந்தது.

"என்னங்க இது? பவுடரு!"

"பவுடரா?"

"மோந்து பாருங்க. மூஞ்சிக்குப் போடுற பவுடரு. கையப் பாருங்க, நகம் கீறியிருக்கு. யாருகூடப் போனீக ஆட்டத்துக்கு?"

"மொக்கச்சாமி அண்ணனோட."

"அவரு பவுடரு போட்டுக்கிட்டு வந்து உங்க கையப் பிடிச்சுக் கீறுனாரா?"

"அது... யாவாரம் பேசுனோம், புள்ள."

"இருட்டுலயா?"

"ஆமா."

"என்ன யாவாரம்?"

ஜீப்பில் பாதி போன கதையைச் சொன்னால் பயந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு இதுவே தேவலை என்று உக்கிரபாண்டி வாயை மூடிக்கொண்டார். அன்றிரவு கொல்லைக்குத் துணை போகமாட்டேன் என்று அன்னக்கொடி சொல்லிவிட்டாள். மனிதர் விடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டவுன் பஸ் பிடித்துச் சிலமலை போனார். பஸ்சிலேயே முடிவு செய்துவிட்டார். மானம் போனால் போகட்டும், ஐயாயிரம் போகக்கூடாது. 'அண்ணே, நான் பயந்துபோய்ப் பிடிச்சேன், விலை ஏத்தலை' என்று காலில் விழுந்து சொல்லிவிட வேண்டியதுதான்.

மொக்கச்சாமி தோப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவருடைய வலது பாதத்தில் பெரிய கட்டு. கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பில் ஒன்று செம்மண்ணாக இருந்தது. இன்னொன்று துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"கால்ல என்னண்ணே?"

"அதுவா... யானைய வெரட்டுனேன்." மொக்கச்சாமி சட்டென்று பேச்சை மாற்றினார். "வாடா சிங்கம்! நூத்தி முப்பத்தஞ்சு!"

உக்கிரபாண்டி வாயைத் திறக்குமுன்பே விலை வந்து விழுந்துவிட்டது.

"அண்ணே, நேத்து நான் ஒரு மாதிரியா இருந்தேன்..."

"ஒரு மாதிரியா இருந்தாத்தான்டா இந்த வெல வரும்!" மொக்கச்சாமி ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "கேளுங்கப்பா. பேயி இவன் பக்கத்துல நிக்கிது. ஊரே அலறுது. இவன் கருப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு அஞ்சு அஞ்சா ஏத்துறான்!"

"கை நடுங்கியிருக்கும்லண்ணே?" என்று உக்கிரபாண்டி ஒரு வழி திறந்து பார்த்தார்.

"நடுங்குன கையா அது? இரும்புடா! பயந்தவனா இருந்தா வெலயக் கொறைப்பானா ஏத்துவானா?"

ஊர்க்காரர்கள் ஏத்தமாட்டான் என்று தலையாட்டினார்கள். ஒருவர் தன்னுடைய ஆறு மூட்டையையும் உக்கிரபாண்டிதான் எடுக்க வேண்டும் என்றார். இன்னொருவர், தன் வீட்டு மருமகள்மேல் ஏதோ இறங்கியிருக்கிறது, இவர் ஒரு தடவை வந்து எதிரே உட்கார்ந்துவிட்டுப் போனால் தேவலை என்றார். இத்தனை பேர் முன்னால் இனிமேல் பயந்தேன் என்று சொல்வதற்குத்தான் உண்மையான தைரியம் வேண்டும். அது உக்கிரபாண்டியிடம் இல்லை.

"அந்த ஆறு மூட்டைக்கும் நூத்தி முப்பத்தஞ்சுதான?" என்று அந்த ஊர்க்காரர் கேட்டார்.

"அதப் பகல்ல பேசிக்கிருவோம்" என்று உக்கிரபாண்டி எழுந்துகொண்டார்.

சாயங்காலம் நாலு மூட்டையும் வாடகை ஜீப்பில் கடைக்கு வந்து இறங்கின. ஜீப்புக்கென்று வைத்திருந்த பணத்தில் ஐயாயிரம் மொக்கச்சாமியின் ஆளோடு போயிற்று. மிச்சமிருக்கிற பணத்துக்கு ஒரு இஞ்சினும் ஸ்டியரிங்கும் ஆரனும் வரும். அன்னக்கொடியை உட்காரவைத்து ஆரனை மட்டும் அடித்துக் காட்டலாம்.

திருப்பதி தராசில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒல்லியாக ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் துண்டு. வலது கையில் மூன்று விரலைச் சேர்த்து எண்ணெய்த்துணி சுற்றியிருந்தது. காதோரம் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"வணக்கம்ணே. பேரு வீரணன். ராசிங்காபுரம்தான் சொந்த ஊரு. வெரசாக் குடுத்தீகன்னா ஆறு மணி பஸ்சப் பிடிச்சிருவேன்."

"எதக் குடுக்கணும்?"

"தரகுண்ணே. இந்த நாலு மூட்டைக்கு."

திருப்பதி சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. "தரகர்கிட்டயே தரகா? யாருய்யா நீ? என்ன வேல பாக்குற?"

"மொதல்ல இங்க ஏலக்காக் கடையில மூட்டை தூக்குனேன். துண்டுக்குள்ள பேசுறதெல்லாம் அப்பக் கத்துக்கிட்டது. இப்பக் கொட்டகையில வேல."

"கொட்டகையில என்ன வேல?"

"பேய்ண்ணே."

"வங்காளத்துப் பேயின்னுல்ல கத்துனாக?"

"மந்திரவாதிதாண்ணே வங்காளம். அவருமே வத்தலக்குண்டு."

உக்கிரபாண்டிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. "இந்தா பாருப்பா, இது நானும் மொக்கச்சாமி அண்ணனும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து, கையோட கை வச்சு முடிச்ச யாவாரம். நடுவுல எந்தத் தரகனும் கெடையாது. போ, போயி வேற கடையப் பாரு."

வீரணன் போகவில்லை. கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்து, அதன்மேல் தன் துண்டைப் பக்குவமாக விரித்துவிட்டு, ஒரு வியாபாரியைப்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மொதப் பேயிக்கே ஒத்தச் செருப்ப விட்டுட்டு ஓடிட்டாருண்ணே மொக்கச்சாமி ஐயா, அந்தச் சீட்டுல இருந்த கை இதுதான், விடியக்காலையில செருப்பக் கொண்டுபோய்க் குடுத்து வெல அஞ்சு தடவ அஞ்சஞ்சா ஏறுனதச் சொன்னதுமே அவரு பக்கத்து இருநூற எண்ணி வச்சுட்டாரு, உங்க பக்கத்து இருநூறுதான் பாக்கி."